றோஸி டீச்சரின் பதில் கடமை

இதை எழுதத் தகுதியானவர்கள் கொட்டாஞ்சேனையிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களை முந்திக்கொண்டு, வாழ்த்துமடல்களுக்கு மேல் எதையும் எழுதியறியாத ஒரு கை இதில் துணிந்தமையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். 2019 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காம் பாடவேளையில், றோஸி டீச்சர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பறைகளில் நின்று கணிதம் படிப்பித்தார். எட்டு சீயில் பின்னங்கள், பத்து ஏயில் வட்டங்கள். இரண்டு இடத்திலும் அதே ஊதாச் சேலை, அதே கம்மிய குரல்.

வராத ஆசிரியைகளின் வகுப்புகளுக்கு யார் போவது என்று காலையில் ஒரு தாளில் எழுதி, ஆசிரியர் ஓய்வறைக் கதவில் ஒட்டுவது பிரதி அதிபர் சவுந்தரநாயகத்தின் வேலை. றிலீஃப் தாள் என்பார்கள். அன்று அவர் மறதியாக ஒரே பாடவேளைக்கு இரண்டு இடத்தில் றோஸியின் பெயரை எழுதிவிட்டார். முப்பது வருடச் சேவையில் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத றோஸி இரண்டுக்கும் போனார். மறுநாள் சவுந்தரநாயகம் மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த நாள் கேட்கவில்லை.

"டீச்சர், ஒன்பது பீக்கும் ஒருக்கா போவீங்களோ?"

"எத்தனை பேராப் போறது, சேர்?"

"நேத்துப் போன மாதிரித்தான். நீங்க போனா எனக்கு நிம்மதி."

பெற்றோல் வரிசை நீண்ட 2022ஆம் ஆண்டில் ஆசிரியைகள் சிலர் வழியிலேயே நின்றுவிட்டார்கள், சிலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். றோஸி டீச்சர் ஏழு பேரானார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்து, கணித ஆசிரியர் வெற்றிடம் எதுவுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஒன்றரைக்கு மணி அடித்ததும் எழுவரும் படியிறங்கி வந்து வாசலில் ஒருத்தியாகச் சேர்வார்கள். ஏழு பேருடைய களைப்பும் ஒரு சோடி முழங்காலில் இறங்கும். அந்தக் கால்களோடு அவர் வீட்டுக்கு நடப்பார்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற கணவர் யேசுரட்ணம், 2023 ஜனவரியில் பாரிசவாதத்தில் விழுந்தார். கீழ்வீட்டு டிலக்ஷி காலையில் தேத்தண்ணி பருக்கிவிட்டு வேலைக்குப் போவாள். அதன்பின் றோஸி வரும்வரை அவர் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

"ஏழு பேர் இருக்கிறியாம்," என்றார் ஒருநாள், கோணிய வாயால். "ஒண்டை எனக்கு விடேலாதா?"

"தாளில பேர் விழுந்தாத்தானே நான் கூடுறன். இங்க நிண்டும் பாத்தனான். ஒருத்தியும் வரேல்ல."

"அப்ப வீட்டையும் ஒரு வகுப்பெண்டு எழுதச் சொல்லன். ஒரே பிள்ளைதான். குழப்படி செய்யாது."

றோஸி சிரித்தார். மறுநாள் லீவுப் படிவம் எடுத்தார். படிவத்தில் 'பதில் கடமை புரிபவர்' என்று ஒரு வரி உண்டு. அந்த நேரத்தில் வேறு எவருக்கும் ஓய்வு இல்லாதபடியால், அங்கே தம்முடைய பெயரையே எழுதினார். விண்ணப்பதாரரும் பதில் கடமை புரிபவரும் ஒரே ஆளாக இருத்தல் ஆகாது என்ற குறிப்போடு படிவம் திரும்பி வந்தது.

"சட்டம் அப்பிடி, டீச்சர்," என்றார் சவுந்தரநாயகம், மேசையைப் பார்த்தபடி.

"அப்ப தாளின்ட அடியில 'வீடு' எண்டு ஒரு வரி எழுதிவிடுங்களன், சேர்."

"இன்ஸ்பெக்ஷனுக்குப் போற தாள், டீச்சர். அடுத்த மாசம் பாப்பம்."

அடுத்த மாதம், மகளிர் தினத்தன்று, காலைக் கூட்டத்தில் றோஸி டீச்சருக்கு ஒரு ரோஜாப்பூவும் சான்றிதழும் கொடுத்தார்கள். மூன்றாம் பாடவேளையில் யேசுரட்ணம் காலமானார். அவ்வேளை ஏழு வகுப்புகளிலும் றோஸி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வெண்கட்டி ஒரே கணத்தில் முறிந்தது. பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். பாடம் தொடர்ந்தது.

2024இல் அவருக்கு ஓய்வுபெறும் வயதான அறுபது பூர்த்தியாயிற்று. மாலை, கேக், அதிபரின் பேச்சு எல்லாம் முறைப்படி நடந்தன. அன்று காலை சவுந்தரநாயகம் றிலீஃப் தாளை எழுதி முடித்து, நெடுநேரம் பேனாவை மூடாமல் இருந்தார். பின்னர், இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும் அந்தத் தாளின் கடைசி வரியில் 'வீடு – றோஸி டீச்சர்' என்று எழுதினார். அதன்படி ஒருத்தி வாசலைக் கடந்து நடந்து போய், கதவைத் திறந்து, விரிப்பு நீக்கிய கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். மற்ற எழுவரின் பெயர்களும் தாளில் மேலே இருந்தபடியால் அவர்கள் வகுப்புகளிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் படிப்பிக்கிறார்கள். வெற்றிடம் இல்லை என்பதால் புதிய நியமனம் எதுவும் வரவில்லை. பிள்ளைகள் எழுவருக்கும் காலை வணக்கம் சொல்கிறார்கள்.

இழந்தவை இவை: யேசுரட்ணம், வயது அறுபத்தாறு. வெண்கட்டி, ஏழு. றோஸி டீச்சரின் இடது முழங்கால். திருப்பி அனுப்பப்பட்ட லீவு, ஒரு நாள். பாடவேளைகள், ஒன்றுமில்லை.