கால்மிதியில் ஓர் ஓட்டை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும் என்பது முடிச்சூர் ரோட்டில் பெயிண்ட் வாங்குகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஏகநாதன் கடையில் பேரம் பேசாதே, கத்துவார் என்பார்கள். கத்துவேன்தான். ஆனால் கத்தி முடித்த அடுத்த நிமிடமே டீ வாங்கிக் கொடுத்துவிடுவேன். அதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையிலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்தேன். மகள் அனுப்பிரியாவுக்குப் படப்பையில், மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் கிளம்பியாக வேண்டும். எல்லாம் சரி, வண்டியை யார் ஓட்டுவது? மூன்று வாரத்துக்கு முன்னால் கடை ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து இடது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். முழங்கால் வரை மாவுக்கட்டு. கியர் வண்டியில் கிளட்ச் மிதிக்கிற காலே அதுதான்.

ஓட்டப்போவது என் மனைவி காந்திமதி. அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவளுடைய லைசென்ஸுக்கு இருபத்தைந்து நாள்.

"பேசாம கால் டாக்ஸி சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாங்க. போன மாசம் செக்கப்புக்கு வந்தப்ப அந்த டாக்ஸிக்காரன் போட்ட பிரேக்ல பொண்ணு வயித்தப் புடிச்சிகிட்டு அழுதாளே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அனுவின் முதல் கரு மூன்றாம் மாதமே தங்காமல் போய்விட்டது. இது இரண்டாவது. நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இருக்கிறது, உடம்பு குலுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை குமரவேலுக்கு பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஆக, பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் என் பேரப்பிள்ளை காந்திமதியை நம்பித்தான் வர வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் அவள் ஜெரூஷா என்கிற பெண் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தபோது விழுந்து விழுந்து சிரித்தவன் நான். "இந்த வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம்? நான்தான் கீறனே!" என்றேன். அவள் துப்பட்டாவில் ஊக்கைக் குத்திக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அன்றைக்கு ஊன்றுகோலைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தேன். பதினாலு வருஷமாக என்னுடைய வண்டி. அந்த சீட்டில் நான் உட்கார்வது அதுதான் முதல் தடவை. அது காந்திமதியின் இடம். திருப்பதி போனாலும் திருவண்ணாமலை போனாலும் அவள் அங்கே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வருவாள். பின்னால் மொத்தக் குடும்பமும் குறட்டை விடும், இவள் கண்ணை மூட மாட்டாள். 'எம் பொண்டாட்டி எனக்குத் துணையா முழிச்சிகினே வருவா' என்று கடையில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்!

முடிச்சூர் தாண்டுகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கிளட்சைத் தொடவே இல்லை.

"கிளட்ச்! மொதல்ல கிளட்சைப் புடி!"

"மொதல்ல பிரேக்குங்க. கிளட்ச் கடைசிலதான். ஜெரூஷா அப்படித்தான் சொல்லிக் குடுத்தா. ஆக்சிலேட்டர விட்டாலே என்ஜின் வண்டிய இழுத்துப் புடிக்குமாம். அப்ப போய் கிளட்ச மிதிச்சா அந்தப் புடி விட்டுப் போயிடும். வண்டி அவுத்து விட்ட மாடு மாதிரி ஓடும்."

"உன் ஜெரூஷா பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் புடிச்சவன் நான்! இப்ப மிதி, மிதின்றேன்!"

நான் போட்ட சத்தத்தில் அவளுக்குக் கால் தடுமாறியது. பிரேக்கை அழுத்தினவள் கடைசியில் மிதிக்க வேண்டிய கிளட்சை மறந்தே போனாள். வண்டி இரண்டு உதறு உதறி நின்றது. என்ஜினும் அணைந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

அந்த உதறலில் என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடித் தரையை உதைத்தது. குதிகால் ஒரு பள்ளத்தில் போய் இறங்கியது. குனிந்து பார்த்தேன். ரப்பர் கால்மிதியில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இன்னா இது? எலி கடிச்சிருக்கா?"

அவள் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். "எலி இல்லீங்க. நான்தான்."

"நீயா?"

"நீங்க பிரேக் போடறதுக்கு முன்னாடியே நான் போட்டுடுவேன். அங்க பிரேக் இல்லன்னு எனக்குத் தெரியும். காலு கேட்டாத்தானே?"

கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முதல் கியரைப் போட்டாள்.

இரும்புலியூர் பக்கம் ஒரு தடவை லாரிக்குப் பின்னால் போய் நான் அடித்த பிரேக்கில் அவள் நெற்றி டேஷ்போர்டில் மோதியது. பொட்டுக்குக் கீழே இன்றைக்கும் அந்தத் தழும்பு உண்டு. 'பெல்ட் போடுன்னா போடறியா?' என்று அப்போதும் அவளைத்தான் திட்டினேன். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்? படப்பை வருகிற வரை அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். காந்திமதி இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கால் வலிக்கிறது என்று நினைத்திருப்பாள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. கன்னத்தில் சந்தனமும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக அனு மின்னினாள். கிளம்பும்போது சம்பந்தியம்மா தாயாரம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்களா ஓட்டப் போறாங்க? பயமில்லையா சம்பந்தி?" என்றார்.

"நல்லா ஓட்டுவா" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். உள்ளுக்குள் உதறல் அப்படியேதான் இருந்தது.

நாலு பத்துக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே அனு. வயிற்றுக்குக் கீழாக பெல்ட்டை மாட்டிவிட்டிருந்தாள் அவள் அம்மா. பெட்டியைக் கட்டிக்கொண்டு குமரவேல் பைக்கில் பின்னால் வந்தான். முதல் வேகத்தடையில் வண்டி லேசாகத் தூக்கிப்போட, அனுவின் வளையல்கள் அத்தனையும் கலகலவென்று குலுங்கின. நான் சட்டென்று காந்திமதி பக்கம் திரும்பினேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் காந்திமதி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க கத்தினா எனக்குக் காலு தடுமாறுது."

"வாயத் தொறந்தா ஏன்னு கேளு."

மண்ணிவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலம். ஏறி இறங்கும்போது பின்னால் ஒரு தண்ணி லாரி ஒட்டிக்கொண்டே வந்தது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. ரோட்டோரம் ஒரு அம்மா கையைக் காட்டினாரோ இல்லையோ, ஆட்டோக்காரன் நடு ரோட்டிலேயே நிறுத்தத் தொடங்கினான். பாவி! இறக்கத்தில் இருக்கிறோம், பின் சீட்டில் பிள்ளைத்தாச்சிப் பெண்.

'கிளட்ச்' என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் குதிகால் அந்த ஓட்டைக்குள் முழுசாக இறங்கி அழுத்தியது. அதில் பிரேக் இல்லை. என்னால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. பதினாலு வருஷம் இவள் இப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் கால்களையே பார்த்தேன். வலது கால் ஆக்சிலேட்டரை விட்டது. என்ஜின் சத்தம் தாழ்ந்தது, இறக்கத்திலும் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. பிறகு பிரேக். முதலில் தொட்டும் தொடாமலும், அப்புறம் அழுத்தமாக. பின்னால் வந்த லாரிக்காரன் சிவப்பு விளக்கைப் பார்த்து அவனும் வேகத்தைக் குறைத்தான். வண்டி திணறப்போகிற நேரத்தில் இடது கால் கிளட்சை முழுசாக மிதித்தது. நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் பிரேக்கை ஒரு துளி தளர்த்தினாள். ஆட்டோவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம். என் தலை முன்னால் போகவில்லை.

வளையல் சத்தமே கேட்கவில்லை. பகீரென்று திரும்பிப் பார்த்தேன். அனு வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேல் கிடந்த கை, மூச்சுக்கு ஏற்ப வளையல்களோடு ஏறி இறங்கியது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காந்திமதி ஒரு நாளாவது என் வண்டியில் இப்படித் தூங்கியிருக்கிறாளா? இல்லை. அவள் எனக்குத் துணையாக விழித்திருக்கவில்லை. பயந்து விழித்திருந்தாள். நான் அதைத்தான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எத்தனை பெரிய மடையன் நான்!

அதற்குப் பிறகு எங்கே திரும்பினோம், எத்தனை இடத்தில் நின்றோம் என்று எனக்கு நினைவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்த சத்தத்தில்தான் அனு கண் விழித்தாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? ட்ராஃபிக்கா?"

"வீடு வந்துடுச்சு கண்ணு."

"அதுக்குள்ளயா! எப்ப நின்னுச்சு?"

பக்கத்து வீட்டு அங்காளம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் தயாராக இருந்தாள். குமரவேல் வந்து கதவைத் திறந்து அனுவைக் கைத்தாங்கலாக இறக்கினான். வளையல்கள் சிணுங்கச் சிணுங்க அவள் வாசலில் போய் நின்றாள். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். காந்திமதி ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை. அவ்வளவு பயத்தையும் வழியெல்லாம் எங்கே வைத்திருந்தாளோ.

ஸ்டியரிங்கில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கட்டு பிரிச்சதும் நானும் ஜெரூஷாகிட்ட ஒரு வாரம் போறேன்."

"முப்பது வருஷமா ஓட்டறீங்க. அங்க போய் என்ன கத்துக்கப் போறீங்க?"

"நிறுத்த" என்றேன். "தப்பு பண்ணிட்டேன் காந்தி. ரொம்ப வருஷம் பண்ணிட்டேன். இந்தக் கால்மிதிய நாளைக்கே மாத்திடறேன்."

அவள் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"இப்ப வேணாங்க" என்றாள். "நீங்க கத்துக்கிட்டு வாங்க. திருவண்ணாமலைக்குப் போவோம். நான் தூங்கினா, அப்புறம் மாத்துங்க."