அவுட்டாக மறுத்த விருந்தாளி

ஓர்லா அயர்லாந்துப் பெண்கள் கிரிக்கெற் அணிக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடியவள். வயது பத்தொன்பது. இரண்டிலும் வேகப்பந்துக்கு ஸ்டம்பைப் பறிகொடுத்திருந்தாள். 1997 கோடையில் கடல் தாண்டி, தமிழர் நாங்கள் குடியேறியிருந்த அஜின்கோர்ட்டிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்து, டோனற் பலகாரக் கடையொன்றில் வேலை செய்தாள். டிசம்பரில் உலகக் கிண்ணம். மூன்று கிழமையில் டப்ளினில் தேர்வு ஆட்டம். அதற்குள் யாராவது தனக்கு வேகமாகப் பந்து போடவேண்டும் என்று தவித்தாள். அதே கடையில் வேலை செய்த எங்கள் அணித்தலைவர் செல்வரட்ணம் அண்ணை, "எங்களிடம் கஸ்பர் இருக்கிறான்" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட் பூங்காவுக்குக் கூட்டிவந்தார்.

நான் விக்கெற் கீப்பர். கஸ்பரின் பந்தைப் பிடித்தே என் சுட்டுவிரல் வளைந்துபோயிருந்தது. ஆனால் அன்று அவன் நாலடி நடந்துவந்து பந்தைப் பூப்போலப் போட்டான். ஓர்லா நான்கு அடித்தாள்.

"என்னடா, உடம்புக்கு ஏலாதோ?" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. வந்த பிள்ளைக்கு வேகமாய் எறியிறதே?"

அடுத்த பந்து விளிம்பில் பட்டு என் கைக்கே வந்தது. கை தானாக விரிந்தது. பிறகு ஒரு பந்து நேராக அவளுடைய காலில் பட்டபோது, நடுவராக நின்ற அண்ணை மேகம் பார்த்தார். அவள் ஐம்பது எடுத்ததும் எல்லோரும் கைதட்டினோம். அவள் முகம் சிவந்திருந்தது.

அண்ணையின் மனைவி அருள்நாயகி அக்கா பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்தார். ஓர்லா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒழுங்காக அவுட்டாக்கும்வரை ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்றாள். அண்ணை அதைத் தமிழில் சொன்னார்.

அக்காவின் ரோல்ஸை அதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. எங்கள் கழகம் இரண்டாக உடைந்த அன்றுகூட, சாப்பிட்டுவிட்டுத்தான் உடைந்தது.

"வெக்கமில்லையே உங்களுக்கு? பிள்ளை பசியோடை நிக்குது. அவுட்டாக்கடா கஸ்பர்!"

"பட்டால் நோகும் அக்கா."

"பட்டினி நோகாதோ?"

கஸ்பர் எல்லைக்கோடுவரை பின்னால் போனான். முதல் பந்து அவளுடைய விலாவில் பட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஓர்லா தடவிவிட்டு மறுபடி நின்றாள். மூன்றாவது பந்தில் நடு ஸ்டம்ப் என்னைத் தாண்டிப் பறந்தது. அவள் சத்தமாகச் சிரித்தாள். ஆறு ரோல்ஸ் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே சட்டமானது: அவுட்டானால் சாப்பாடு. அடுத்த ஞாயிறு பத்தாவது பந்தில் சாப்பிட்டாள்.

டப்ளின் போகுமுன் கடைசி ஞாயிறு ஐம்பது பந்துகள் போயும் அவள் நின்றாள். கஸ்பர் ஓஷாவாவில் தான் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு கிழமை சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் எறிந்தான். அவள் எல்லாவற்றையும் மட்டையின் நடுவில் வாங்கினாள். புரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, ஒருக்கால் அவுட்டாகினால் என்ன?" என்று அக்கா கெஞ்சினார். நான் மொழிபெயர்த்தேன். ஓர்லா தலையாட்டி மறுத்தாள்.

கஸ்பர் ஓடிவந்த பாதியிலேயே புல்லில் குந்தினான். "அண்ணை, என்னாலை ஏலாது. எனக்குப் பசிக்குது."

அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் புரியாணி போடக் கோப்பைகளை எடுத்தார்.

விருந்தாளி சாப்பிட முன்னம் நாங்கள் சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். அவள் மட்டையில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.