வெறுங்கையோடு பதினைந்து நிமிடம்

இனி குணப்படுத்த முடியாது என்று டாக்டர்கள் கைவிட்டவர்கள் வந்து சேரும் வார்டு அது. பன்னிரண்டு கட்டில்கள். அங்கே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் தினமும் ஒரு நர்ஸ் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். கையில் ஊசியோ பேனாவோ இருக்கக் கூடாது. பயமோ கோபமோ கடவுளோ, அவர்கள் எதைப் பற்றிப் பேசினாலும் கேட்க வேண்டும். பேசாமல் படுத்திருந்தாலும் எழுந்து போகக் கூடாது. விதியை எழுதியவள் பெரிய சிஸ்டர். புதிதாக வரும் பெண்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுப்பவளும் அவள்தான். சும்மா உட்காருவதுதான் இங்கே இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்பாள். இருபத்திரண்டு வருடம் வார்டில் கிடந்தவள் சொல்வதை யார் மறுப்பது?

நாலாம் கட்டிலுக்கு வந்தவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்லீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. சேர்ந்த அன்று, ஆன்மிகத் தேவை ஏதாவது உண்டா என்று படிவத்தைப் பார்த்துப் பெரிய சிஸ்டர் கேட்டாள். தான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே பின்னால் அறுபது பேர் சாமி கும்பிடுவார்கள், தன் பங்கையும் சேர்த்து அவர்களே கும்பிட்டு முடித்துவிட்டார்கள் என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர் இருமலோடு சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

ஒன்பதாம் நாள் இரண்டு நர்ஸுகள் லீவு. காலையிலிருந்தே டிரைவர் நிலைகொள்ளாமல் கிடந்தார். போர்வையைச் சுருட்டுவதும் உதறுவதுமாக இருந்தார். தலையணையை இரண்டு முறை தள்ளிவிட்டார். மருந்துத் தட்டோடு வந்த பெரிய சிஸ்டர், வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடலாம் என்று வழக்கம்போலக் கேட்டாள்.

“வலியெல்லாம் இல்லம்மா. நீ கொஞ்ச நேரம் உட்காரு.”

மருந்து கொடுத்து முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“தனியாக் கிடந்து சாகிறவங்களுக்கு ரொம்பப் பயமா இருக்குமா?”

“நீங்க ஏன் சார் தனியா? நாங்க இத்தனை பேர் இல்லையா?”

“அதில்லம்மா...” என்று ஆரம்பித்தார். அதற்குள் ஏழாம் கட்டிலில் யாரோ வாந்தி எடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது அவருடைய நெற்றிச் சுருக்கத்தைத்தான் அவள் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ‘வலியில்லை’ என்று சாதித்த ஆண்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் பேச்சை நம்பாதே, முகத்தைப் பார் என்பதும் அவள் வகுப்பில் சொல்வதுதான். டாக்டரைக் கேட்டு மருந்தின் அளவைக் கூட்டி, அவளே ஊசி போட்டாள். தூங்கி எழுந்ததும் நிதானமாகப் பேசலாம் என்றாள். சரிம்மா, நீ வேலையைப் பாரு என்றார் அவர்.

வேலை முடிந்து கிளம்பும்போது, யார் யாருடன் உட்கார்ந்தார்கள் என்று கையெழுத்திடும் தாளில் நாலாம் கட்டிலின் கட்டம் காலியாக இருந்தது. எப்படியும் பேசினோமே என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை வரை அவர் கண் திறக்கவில்லை. அந்த அளவு மருந்தால் இப்படி ஆகாது, கல்லீரல் அடியோடு நின்றுவிட்டது, நேற்றோ இன்றோ வர வேண்டியதுதான் என்றார் டாக்டர். அது உண்மைதான் என்று பெரிய சிஸ்டருக்கும் தெரியும். ஆனால் ஊசிக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது முழுதாக இருந்தது.

பத்து மணிக்கு அவருடைய மகள் வந்தாள். அப்பாவின் கையைத் தடவிக்கொண்டே, நேற்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். நிம்மதியாகத் தூங்கினார் என்பது இந்தக் கேள்விக்கு வார்டில் எல்லோரும் சொல்லும் பதில். அது பெரிய சிஸ்டரின் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, அவர் கேட்ட கேள்வியை அப்படியே சொன்னாள். தன்னைப் பற்றிய பயத்தில் கேட்கிறார் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

மகள் அப்பாவின் கையைத் தடவுவதை நிறுத்தினாள். பிறகு சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் வாய்த்தகராறு. யார் முதலில் பேசுவது என்பதிலேயே பதினோரு வருடம் போய்விட்டது. தனிக்கட்டையான தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொன்ன நாளில், அப்பா தன் டியூட்டியை முடித்துவிட்டு இன்னொருவர் டியூட்டியையும் வாங்கி ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பி கிடந்த கட்டிலில் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அவர் தன்னைப் பத்திக் கேட்கல சிஸ்டர். சித்தப்பாவுக்காகக் கேட்டிருக்காரு.”

பெரிய சிஸ்டருக்குப் பதில் தெரியும். அதுதான் அவளைக் குத்தியது. யாரும் பார்க்க வராமலே இறந்துபோன எத்தனையோ பேரின் பக்கத்தில் அவள் இருந்திருக்கிறாள். கடைசி மணி நேரங்களில் பெரும்பாலானவர்களின் முகத்தில் பயம் இருப்பதில்லை. நெற்றி தானாகவே தளர்ந்துவிடும். உதட்டை நனைக்க, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு நர்ஸ் இருப்பாள். உங்கள் தம்பி பக்கத்திலும் என்னை மாதிரி ஒருத்தி இருந்திருப்பாள் என்று அவள் சொல்லியிருக்கலாம். பதினைந்து நிமிடம்கூட வேண்டாம், இரண்டு நிமிடப் பேச்சு.

“என்னை உட்காரச் சொன்னாரும்மா. நான் உட்காரல. வலின்னு நினைச்சு ஊசி போட்டுட்டேன்.”

மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“எங்க வீட்லயும் யாரும் உட்காரல சிஸ்டர்,” என்றாள் மகள்.

பெரிய சிஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதருகே குனிந்து, தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். மூச்சு முன்போலவே விட்டு விட்டு வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இவருக்குக் கேட்குமா?” என்றாள் மகள்.

கடைசி வரை காது கேட்கும் என்றுதான் அவள் எல்லாக் குடும்பத்திடமும் சொல்லி வந்திருக்கிறாள்.

“தெரியலம்மா.”

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இன்னொரு தடவை சொல்லுங்க.”