நாற்பத்தைந்து காட்டிய மீட்டர்

லோகநாதனுக்கு எல்லாம் தெரியும் என்று மாடம்பாக்கத்தில் நாலு பேர் சொல்வார்கள். அதைக் கேலியாகச் சொல்கிறார்கள் என்பது ஐம்பத்து நாலு வயதில், போன ஐப்பசியில்தான் எனக்கு உறைத்தது. அதுவரை பாராட்டு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

செம்பாக்கத்தில் எனக்கு ஒரு எலக்ட்ரிக்கல் கடை. வியாபாரம் மந்தமான மதியங்களில் எதையாவது பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பேன். அப்படிச் செய்ததுதான் அந்த முட்டை பொரிக்கும் பெட்டி. மீன் ஐஸ் வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று, இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய காற்றாடி, சூடு ஏறினால் பல்பை அணைக்கிற சின்ன போர்டு, சூட்டையும் ஈரப்பதத்தையும் காட்டுகிற தீப்பெட்டி அளவு மீட்டர். அவ்வளவுதான் சமாச்சாரம். அதில் அதுவரை ஒரு முட்டைகூட நான் வைத்ததில்லை. ஆனால் அதைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் அளந்திருந்தேன்.

முனியம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஷேர் ஆட்டோ மாறி மாறி எட்டு மணிக்கெல்லாம் எங்கள் கேட்டில் நிற்பாள். அன்றைக்குக் கூடையை இறக்கியதும் வழக்கமான பேச்சே இல்லை.

"இன்னா முனிம்மா, மூஞ்சியே சரியில்லையே?" என்றேன்.

"நாயி என் கோழிய கடிச்சிட்சி சார். அடைக்கு வெக்கலாம்னு பதினோரு முட்ட சேத்து வெச்சிக்கினு இருந்தேன். நேத்து காத்தால பாத்தா றெக்க மட்டும்தான் கெடக்குது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணம் ஆயி வந்தப்போ கையோட கொண்டாந்த கோழி சார். அதோட குஞ்சு, அந்தக் குஞ்சோட குஞ்சுன்னு இருவது வருசமா என் வூட்ல வந்துகினு கீது. இப்போ அந்த வம்சத்துல மிச்சம் ஒரு சேவலும் இந்த முட்டைங்களும்தான். பக்கத்து வூட்டு தையல்நாயகியோட கோழி அடைல குந்தியிருக்குது. அதுக்கடியில வெச்சிடலாம்னு கீறேன்."

நல்ல யோசனை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அடைக்கோழிய எல்லாம் நம்பாத. அது பாதி முட்டைய மிதிச்சு ஒடைக்கும். எங்கிட்ட மெஷின் இருக்கு. பதினொன்னையும் பொரிச்சுக் குடுக்கறேன்" என்றேன்.

எதிர்வீட்டு ஷ்யாம்சுந்தர், பேங்கிலிருந்து ரிடையர் ஆனவர், மீன் வாங்க வந்து நின்றவர், சும்மா போகவில்லை. "முனிம்மா, பாத்து. லோகு மெஷின்ல வெச்சா ஆம்லெட்தான் வரும்" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், இருபத்தோரு நாள் கழிச்சு இதே இடத்துல நில்லுங்க, பேசிக்கலாம்" என்று கத்தினேன். முனியம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இஷ்டமில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நான் படித்தவன், கடை வைத்திருப்பவன், தினமும் மீன் வாங்குகிறவன். எப்படி மறுப்பாள்? மறுநாள் உமி போட்ட அன்னக்கூடையில் பதினொரு முட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

சூட்டில் நான் குறை வைக்கவில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவில் வைத்து, மீட்டரோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டும் முப்பத்தேழரை காட்டின. ஈரப்பதம்தான் இருபதில் நின்றது. முதல் பதினெட்டு நாள் நாற்பத்தைந்து சதவீதமாவது இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். போதவில்லை. இன்னொரு கிண்ணம், அதில் ஸ்பாஞ்சு. மீட்டர் நாற்பத்தைந்து காட்டியதும் எனக்கு ஒரே பெருமை.

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, என் மனைவி கீதா அந்த மீட்டரைச் சமையலறைக்கு எடுத்துப் போய்ப் பத்து நிமிஷம் வைத்துவிட்டுக் கொண்டு வந்தாள்.

"ஏங்க, இது சரியா காட்டுதான்னு பாத்தீங்களா?"

"ஏன்?"

"சமையல்கட்டுல அம்பத்தெட்டுன்னு காட்டுது. அங்க உப்பு ஜாடி தண்ணியா நிக்குது. பொரிச்ச அப்பளம் எல ஓரம் வர்றதுக்குள்ள துவண்டு போவுது. இது அம்பத்தெட்டாம், கேக்கறவன் சிரிப்பான்."

"அப்பளத்த வெச்சு ஈரப்பதம் பாக்கற அளவுக்கு நான் இன்னும் எறங்கலம்மா" என்றேன். அவள் மீட்டரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினொரு முட்டைகளில் பத்தில் ரத்த நரம்பு ஓடியிருந்தது, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முனியம்மா கேட்டில் வந்து, "உள்ள உசுரு வந்துச்சா சார்?" என்று கேட்டபோது மட்டும் சொல்லவில்லை. "அடிக்கடி தொறந்து பாக்கக் கூடாது, பொறு" என்றேன். இருபத்தோராம் நாள் கூடை நிறையக் குஞ்சுகளைத் தூக்கி ஷ்யாம்சுந்தர் எதிரில் அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு சினிமா ஆசை.

பதினாலாம் நாள் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. முட்டைக்குள் இருக்கிற ஈரம் நாளுக்கு நாள் கொஞ்சம் வற்ற வேண்டும். அப்போதுதான் மொண்ணை முனையில் காற்றுக்கு இடம் உண்டாகும். குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன்னால் முதல் மூச்சு விடுவது அந்த இடத்தில்தான். என் முட்டைகளில் அந்த இடம் ஒரு ரூபாய் அகலம்கூட இல்லை. பார்த்தேன், மீட்டரையும் பார்த்தேன். மீட்டர் நாற்பத்தைந்து என்றது. சரி, போகப் போகச் சரியாகிவிடும் என்று மூடிவிட்டேன். கடைசி மூன்று நாளில் ஈரம் கூடுதலாக வேண்டும் என்பதால் மூன்றாவது கிண்ணமும் வைத்தேன். பெட்டி மூடியில் பதித்திருந்த கண்ணாடித் துண்டில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து வழிந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

இருபதாம் நாள் காலையில் உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. நான் கடைக்கே போகவில்லை. சாயங்காலம் அந்தச் சத்தம் நின்றது. இருபத்தொன்று, இருபத்திரண்டு போயிற்று; கேட்டில் வந்து கேட்ட முனியம்மாவிடம் இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்றேன். ஒரு ஓட்டில்கூட விரிசல் இல்லை. இருபத்து மூன்றாம் நாள் பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தேன். ஒன்று வெறும் முட்டை. மற்ற பத்திலும் முழுக் குஞ்சு. அலகு, நகம், ஈரத்தில் ஒட்டிக்கிடந்த மயிர், எல்லாம் இருந்தது. மூச்சு விட இடமில்லாமல் ஓட்டுக்குள் தண்ணீரிலேயே முங்கிச் செத்திருந்தன.

கருவேப்பிலைச் செடி ஓரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, இருபத்தைந்து நாளைக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையை அன்றைக்குச் செய்தேன். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் மீட்டரையும் ஒரு டப்பாவில் இறுக்கி மூடி வைத்தேன். ஆறேழு மணி நேரம் கழித்து அதற்குள் எழுபத்தைந்து இருக்கும். எந்த ஊராக இருந்தாலும், சமையல் உப்பு கல்லானாலும் தூளானாலும் அதே எழுபத்தைந்துதான். என் மீட்டர் நாற்பத்தொன்பது காட்டியது. இருபத்தாறு குறைவு. நான் நாற்பத்தைந்து என்று நம்பிக்கொண்டிருந்தது எழுபத்தொன்று. முதலில் இருபது என்று காட்டியதே உண்மையில் நாற்பத்தாறு; தண்ணீரே வைக்காமல் விட்டிருந்தால் அந்தப் பத்தும் பொரித்திருக்கும். கீதா டப்பாவை எட்டிப் பார்த்தாள். அப்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் எட்டு மணிக்கு முனியம்மா வந்தாள். மீன் கூடையோடு, உமி போட்ட அந்த அன்னக்கூடையும் இருந்தது. குஞ்சுகளை எடுத்துப்போக அதன்மேல் மூட ஒரு பழைய புடவைத் துண்டும் கொண்டு வந்திருந்தாள். ஷ்யாம்சுந்தரும் பையோடு வந்து நின்றார். "என்ன லோகு, ஆம்லெட்டா?" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை நம்புங்கள். ஆனால் வந்தது வேறு.

"உன் சேவல் சரியில்ல முனிம்மா. ஒரு முட்டையிலயும் கரு புடிக்கல. அத்தனையும் கூமுட்டை. மெஷின் இன்னா பண்ணும்?"

ஷ்யாம்சுந்தரின் சிரிப்பு நின்றது. "அடப்பாவமே" என்றார். முனியம்மா அன்னக்கூடைமேல் இருந்த புடவைத் துண்டை எடுத்து மடித்தாள். பிறகு, "அது நல்லாத்தானே சார் சுத்திக்கினு இருந்துச்சு" என்றாள்.

"வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள சத்து இருக்காது. வயசாயிடுச்சுன்னா அப்படித்தான்" என்றேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று அடுக்க எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அவள் போனதும் உள்ளே வந்தேன். ஜன்னலோரம் கீதா நின்றிருந்தாள். "அந்த நரம்ப நீங்கதானே எனக்குக் காட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை முனியம்மா கேட்டைத் திறந்து வாசல்வரை வந்தாள். கையில் எவர்சில்வர் தூக்கு. அதைக் கீதாவிடம் நீட்டினாள்.

"சேவலு கொழம்பு, அக்கா. நேத்து அறுத்துட்டோம். வம்சத்துக்கு ஒதவாதத வெச்சிக்கினு இன்னா பண்றது சொல்லு? சார் பாவம், இத்தினி நாளு கரெண்ட செலவு பண்ணி, கண்ணு முழிச்சு பாத்துக்கினாரு. எங்க வூட்டு முட்டையால அவருக்குத்தான் பேஜாரு. அதான் மொதல் பங்கு எடுத்தாந்தேன்."

அவள் போய்விட்டாள். கீதா தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டாள். தூக்கைத் திறந்து கறியும் குழம்புமாக அள்ளி ஊற்றினாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

"கீதா..."

"மொதல் பங்காம். சாப்பிடுங்க."

நான் கையை வைக்கவில்லை. எழுந்தேன், செருப்பைக்கூட மாட்டவில்லை. தூறலில் தெருமுனைவரை ஓடினேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டு கார் நிறுத்துமிடத்தில் அவள் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி கோகிலவாணி, என் கடை வாடிக்கை. பரவாயில்லை என்று நினைத்தேன். இல்லை, நினைக்கக்கூட இல்லை, கொட்டிவிட்டேன்.

"முனிம்மா, உன் சேவல்ல தப்பில்ல. பத்து முட்டையில குஞ்சு இருந்துச்சு, முழுக் குஞ்சு. என் மீட்டர் தப்பா காட்டுச்சு. நான் அத சரி பாக்கல, தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன். ஷ்யாம்சுந்தர் முன்னால அசிங்கமாயிடும்னு உன் சேவல் மேல பழிய போட்டுட்டேன்."

கத்தி நின்றது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். குப்பத்துப் பெண்கள் திட்டினால் தெருவே கூடும். திட்டட்டும், நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் நின்றேன்.

"பத்துமா சார்?" என்றாள்.

"பத்தும்."

கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். செதில் ஒட்டிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நேத்து அத்தப் புடிக்க யாரும் தொரத்தல சார். எப்பவும் மாதிரி நான் பா பான்னு கூப்ட்டேன். தீனிதான் போடப் போறேன்னு அதுவா வந்து என் கையில நின்னுச்சு."

பிறகு மீனை எடுத்துத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள். "உனுக்கு துண்டு போடட்டா, முழுசா வேணுமா?" என்று கோகிலவாணியைக் கேட்டாள். நான் நனைந்துகொண்டு அங்கேயே நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.