பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு குரல்

பனித்திட்டு மீனவ கிராமத்துக் கடலில் மீன்கள் எழுப்பும் ஒலியைப் பதிவு செய்ய ஓர் அறிவியல் கழகம் ஜெயப்பிரியாவுக்கு ஆய்வு நிதி கொடுத்திருந்தது. ஓராண்டுப் பதிவுகளை அனுப்பியதும், இளம் ஆய்வாளர் விருதுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கழகச் செயலாளர் போனில் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

"ஆகஸ்ட் பதிவுல ஒரு குழந்தை 'பாப்பாக்கா'ன்னு கூப்பிடுது. யாரும்மா அது?"

அவள் இறக்கியிருந்த மைக் கிடந்தது கடலுக்குள் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில். நாலு வயதில் சுனாமியில் போன தம்பியைத் தவிர வேறு யாரும் அவளை அப்படி அழைத்ததில்லை.

பதிவைப் போட்டுக் கேட்டாள். மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா குப்பு ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இன்னாடி இது? இன்னொரு தபா போடு."

மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அதே நாலு வயதுக் குரல்.

மறுநாள் செயலாளர் மீண்டும் பேசினார். "அந்த ஒரு நிமிஷத்த வெட்டிட்டு அனுப்புங்க. விருது உங்களுக்குத்தான்."

வெட்ட மாட்டேன் என்று அவள் எழுதி அனுப்பினாள். விருது வேறொருவருக்குப் போயிற்று.

மைக்கை அதே இடத்தில் மறுபடி இறக்க, மாமா வைத்திலிங்கம் படகைத் தள்ளினார். இருபது வருஷமாகக் கடலில் கால் நனைக்காத குப்பு, யாரும் கூப்பிடாமலே வந்து ஏறி உட்கார்ந்தாள்.