இருப்புப் பதிவேட்டில் ஒரு விரல்

அன்புக்கரசியின் வலது ஆள்காட்டி விரல், மருந்துகளில் என்ன இருக்கிறது என்பதை 2021 மார்ச் முதல் சொல்லிவருகிறது. அடையாற்றில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுவது அவள் வேலை. அங்கே பாலிமரையும் கிராஃபீனையும் குழைத்து, அந்தக் கறுப்புப் பசையைச் சிறு கம்பியின் நுனியில் பூசுவார்கள். கம்பியைக் கஷாயத்தில் முக்கி மின்சாரம் விட்டால், எந்தச் சத்து எவ்வளவு என்று கணினியில் கோடு எழும். மின்முனை என்று அதற்குப் பெயர். ஒரு செவ்வாய்க்கிழமை, புதன் என்று சொல்பவர்களும் உண்டு, அந்தப் பசை அவள் விரலில் ஒட்டியது. அசிட்டோனுக்கும் போகவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. மூன்றாம் நாள் நிலவேம்புக் குடிநீர்க் குடுவையைக் கழுவ எடுத்தபோது, நாக்குக்குப் புளிப்பு தெரிவதுபோல விரலுக்கு எண் தெரிந்தது. அவள் சொன்னதை ஆராய்ச்சி மாணவி ஷண்முகப்ரியா கணினியோடு ஒப்பிட்டாள். இரண்டாம் தசமம்வரை சரியாக இருந்தது. கம்பிகள் நாற்பது சோதனையில் களைத்துப்போயின. விரலுக்கு அந்தத் தொல்லை இல்லை, மெருகுத் துணியில், லைசென்ஸுக்கு எட்டுப் போடுவதுபோல, எட்டுப் போட்டுத் தேய்த்தால் போதும்.

பசை ஆய்வுத் திட்டத்துக்குச் சொந்தம் என்பதால், அலுவலகம் விரலை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி நகத்தில் எண் ஒட்டியது. கருவிகளை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது விதி. தினமும் மாலை அவள் வாசலில் சீட்டைக் காட்டினாள். "இன்னாக்கா, வெரல மட்டும் கயட்டி உள்ள வச்சிட்டுப் போயேன். காலைல வந்து மாட்டிக்க" என்றான் காவலாளி நாகராஜ். அவள் சிரிக்கவில்லை, முடியுமானால் செய்திருப்பாள். ரசம் சாதத்தில் கை வைத்தால் மிளகுக்கு ஓர் எண், மஞ்சளுக்கு ஓர் எண் என்று வந்துகொண்டே இருந்தது. கரண்டியால் சாப்பிடப் பழகினாள். பெரும்பாக்கம் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்தாள். இப்படி மூன்று வருடம் போனது.

அவளுடைய அக்கா தேவானை கோட்டூர்புரம் குடியிருப்பில் இட்லிக் கடை வைத்திருந்தாள். விரல் மூட்டுகள் வீங்கி, கரண்டி பிடிக்க முடியாமல் கடை ஒரு மாதம் மூடிக் கிடந்தது. யாரோ கொடுத்த மூட்டுவலிச் சூரணத்தைத் தேனில் குழைத்துத் தின்றாள். ஒரே வாரத்தில் கடை திறந்தது. பிறகு அவள் முகம் பௌர்ணமி நிலவுபோல் உருண்டது. அக்கம்பக்கத்தில் அதைச் செழிப்பு என்றார்கள். ஆய்வகத்துக்கு வந்த எத்தனையோ சூரணங்களில் அந்த முகத்துக்கான காரணத்தை அன்புக்கரசியின் விரல் கண்டிருந்தது. ஆனாலும் ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போகும்போது வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் செருகிக்கொள்வாள். அக்காவின் பொடியிலும் அதுதான் என்று தெரிந்துகொள்ளும் தெம்பு அவளுக்கு இல்லை.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, தேவானை மாவுக் கையோடு நின்று, "அந்தப் பொடிய தேன்ல கொயச்சுக் குடுடி" என்றாள். கிண்ணம் சரிந்தது, பிடிக்கப்போன விரல் தேனில் பட்டது. சுக்கு கொஞ்சம், அமுக்கரா கொஞ்சம், அடியில் தெளிவாக ஸ்டீராய்டு.

"அக்கா, இதுல ஸ்டீராய்டு கீது. எலும்பக் கரைச்சிடும்க்கா."

தேவானை மாவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "தெரியும்டி. நீ வரப்பல்லாம் கைய ஒளிச்சிக்கினு வந்தியே, அப்பவே தெரியும். நான் கேட்டா நீ சொல்லுவ. சொன்னா நிறுத்தணும். நிறுத்துனா கடைய யாரு தொறக்கறது, உன் வெரலா?"

அன்புக்கரசி விடவில்லை. மறுநாள் இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர் ஜஹீதா. இதுவரை தினம் எவ்வளவு உள்ளே போனது என்று கேட்டார். சூரணப் பொட்டலத்தில் மூலிகைப் பெயர்கள் மட்டுமே இருந்தன. அன்புக்கரசி பொடியைத் தண்ணீரில் கலந்து விரலை வைத்து எண்ணைச் சொன்னாள். டாக்டர் அதைச் சீட்டில் எழுதி, அதே அளவுக்கு மாத்திரை கொடுத்து, மாதாமாதம் குறைக்கச் சொன்னார். அடுத்த நோயாளியை அழைத்தார்.

குறைக்கக் குறைக்க தேவானைக்குப் பழைய முகம் திரும்பியது, பழைய வீக்கமும் திரும்பியது. கடை முதலில் பாதி நாளானது, பிறகு ஞாயிறு மட்டும், அதுவும் அன்புக்கரசி மாவு ஊற்றினால். அக்டோபரில் கடைசி அரை மாத்திரை முடிந்த ஞாயிறன்று தேவானை படிக்கட்டில் உட்கார்ந்து மடங்காத கைகளை நீட்டினாள்.

"வலி எவ்ளோ கீதுன்னு உன் வெரல் சொல்லுமாடி?"

"அது அதுக்கு வராதுக்கா."

"அப்ப நானே சொல்றேன், கேளு."

அன்புக்கரசி அந்தக் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேவானை சொல்லி முடிப்பதற்குள் பெரும்பாக்கம் பஸ் மூன்று போய்விட்டது.