மைனஸ் இருநூறு கிராம்

ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சௌமியா டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்தபோது, அங்கிருந்த எடை மெஷின் ஒரு திங்கட்கிழமை, மேலே யாருமே நிற்காமல் மைனஸ் இருநூறு கிராம் காட்டியது.

"பேட்டரி போய்ட்டிருக்கும்," என்றான் கூட வேலை பார்த்த முஸம்மில். பேட்டரியை மாற்றினான். மைனஸ் இருநூறு. வேறு மெஷினைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தான். அதுவும் மைனஸ் இருநூறு.

மணி பன்னிரண்டு. அது அப்துல் ஹமீத் பாயின் நேரம். திங்களும் வியாழனும் பன்னிரண்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறுவார். சனிக்கிழமை மாரடைப்பில் போய்ச் சேர்ந்து, அடக்கமும் ஆகிவிட்டது. அதற்காக நேரம் தவறுகிற ஆளில்லை அவர்.

பாய் தோல் மண்டியில் முப்பது வருஷம் எடை போட்டவர். ஈரத்தோலைக் கையில் தூக்கியே தண்ணீர் எவ்வளவு, தோல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். டயாலிசிஸ் முடிகிறபோது குழாயிலும் ஃபில்டரிலும் நிற்கும் ரத்தத்தை சலைன் விட்டு உடம்புக்கே திருப்பி அனுப்புவார்கள். அதை மட்டும் அவர் நம்பமாட்டார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"எல்லாம் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு பாய்."

அப்புறம்தான் எழுந்திருப்பார்.

போன வியாழன், முடியக் கால் மணி இருக்கையில் சௌமியாவுக்கு மாதனூரிலிருந்து அம்மா போன் செய்தாள். வேலூரில் நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. வராந்தாவில் நின்று அவள் குதித்த குதியில், உள்ளே டயாலிசிஸ் மெஷின் கத்தியது கேட்கவில்லை. திரும்பி வந்தால் பம்ப் நின்று, ஃபில்டரில் ரத்தம் உறைந்து கிடந்தது. இனித் திருப்பி அனுப்ப முடியாது. பாய் தூங்கிக்கொண்டிருந்தார். இருநூறு கிராம் ரத்தத்தோடு எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டாள்.

"எல்லாம் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு பாய்."

எடை மெஷினில் நின்று பாய் யோசித்தார். "கம்மியா தெரியுதே."

"தண்ணி எடுத்திருக்கோம் பாய். கம்மியாத்தான் இருக்கும்."

"தண்ணி கம்மியானா தெரியும்மா. இது வேற," என்று செருப்பை மாட்டினார்.

திங்களன்று நாலு மணிக்கு, பாய் வழக்கமாக வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், எடை மெஷின் தானாகப் பூஜ்யத்துக்கு வந்தது.

வியாழன் அவளுக்கு அங்கே கடைசி நாள். அடுத்த திங்கள் நர்சிங் வகுப்பு. இதை இப்படியே விட்டுப் போனால் பாய் வேலூருக்கும் வந்து நிற்பார் என்று பயந்தாள். பஸ் வசதி வேறு நன்றாக இருக்கிறது.

வியாழன் பன்னிரண்டுக்கு மைனஸ் இருநூறு வந்தது. அறையின் அந்த மூலையில் பச்சைத்தோல் வாசனை.

"பாய்," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு எல்லாம் வரல. போன் பேசப் போய்ட்டேன். பொய் சொன்னேன்."

எண் அசையவில்லை. எடை போட்டவரிடம் வெறும் வார்த்தை எப்படிச் செல்லும்?

சௌமியா செருப்பைக் கழற்றினாள். காலையில் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள். ஏறி நின்றாள். ஐம்பத்தொன்று புள்ளி எட்டு.

"எடுத்துக்கோங்க பாய்."

உள்ளங்கால் வழியாக ஜில்லென்று ஏதோ இறங்கியது. அவளும் இறங்கினாள். மெஷின் பூஜ்யம் காட்டியது.

"பாத்தியா? பேட்டரிதான்," என்றான் முஸம்மில்.

நர்சிங் காலேஜில் மெடிக்கல் செக்கப். ஐம்பத்தொன்று புள்ளி எட்டு. இன்றைக்கு அவள் வேலூரில் ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவோ பிரியாணி சாப்பிட்டுப் பார்த்துவிட்டாள். கிலோ ஏறுகிறது, இறங்குகிறது. புள்ளிக்குப் பின்னால் எட்டு மட்டும் மாறுவதில்லை.

ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகள், "எல்லாம் ஏறிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டால் அவள் உடனே பதில் சொல்வதில்லை. குழாயை வெளிச்சத்தில் தூக்கி, கடைசிச் சொட்டுவரைக்கும் பார்க்கிறாள்.